நாலு ஏக்கர்னு எல்லாருக்கும் தெரியும், சுத்து எத்தனை அடின்னு கேட்டாத்தான் முழிக்கறோம்

எங்க பக்கத்துல யாரைக் கேட்டாலும் அவங்க காடு, அதாவது நெலம், எத்தனை ஏக்கர்னு டக்குனு சொல்லிடுவாங்க, ஏக்கர் மட்டும் இல்ல சென்ட் வரைக்கும் சொல்லுவாங்க, பங்காளி காடு எத்தனை சென்ட்டுன்னும் தெரியும், ரோட்டோரம் சென்ட் என்ன விலை போகுதுன்னும் தெரியும். அதே ஆள்கிட்ட உங்க காட்டைச் சுத்தி வேலியோரமாவே ஒரு நடை நடந்து வந்தா மொத்தம் எத்தனை அடி வரும்னு கேட்டுப் பாருங்க, கொஞ்ச நேரம் யோசிப்பாங்க, அப்புறம் "அது என்னத்துக்கு இப்ப"ன்னு கேப்பாங்க. இந்த "என்னத்துக்கு" தான் போன வருஷத்துல இருந்து என் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. ஏன்னா காடு வாங்கறப்ப காசு குடுக்கறது சென்ட்டுக்கு, ஆனா வாங்கினதுக்கு அப்புறம் வாழ்நாள் பூரா செலவு பண்றது பெரும்பாலும் சுத்துக்குத்தான். வேலி, காம்பவுண்டு செவுரு, வரப்பு, ஓரத்துல வளர்ற முள்ளை வெட்டற கூலி, பக்கத்துக் காட்டுக்காரரோட வர்ற வம்பு, எல்லாமே ஓரத்துல தான் நடக்குது, நடுக்காட்டுல யாரும் சண்டை போட்டு நான் பாத்ததில்ல.

விஷயம் இதுதான். எங்க அப்பாரு, அதாவது தாத்தா, வெச்சுட்டுப் போன ஒரு காடு, தாராபுரம் பக்கம், நாலு ஏக்கர். பெரியப்பாவும் அப்பாவும் இத்தனை வருஷமா பிரிக்காம கூட்டாவே வெச்சிருந்தாங்க, ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு, உசுரோட இருக்கறப்பவே பிரிச்சு எழுதிடலாம்னு பேச்சு வந்துச்சு. நான் திருப்பூர்ல ஒரு கம்பெனியில கணக்கு எழுதற ஆளுங்கறதால "நீயும் வந்து உக்காரு கண்ணு"ன்னு பெரியப்பா கூப்பிட்டாரு. நல்ல வேளையா சண்டை சச்சரவு இல்லாத பிரிவினை, ஆளுக்கு ரெண்டு ஏக்கர், இதுல பேச என்ன இருக்குன்னு தான் எல்லாருமே நெனச்சோம். பேச வேண்டியது அத்தனையும் அந்த ரெண்டு ஏக்கரோட வடிவத்துல இருந்துச்சு.

நெலம் கிட்டத்தட்ட செவ்வகம். தார் ரோட்டை ஒட்டி கிழமேலா 264 அடி, ரோட்டுல இருந்து உள்ள தென்வடலா 660 அடி. இந்த நம்பரைப் பாத்து என்னடா இப்படி உதிரியா இருக்குன்னு தோணும், ஆனா அதுக்குக் காரணம் இருக்கு. வெள்ளைக்காரன் காலத்து சர்வே சங்கிலி 66 அடி நீளம், 1620 வாக்குல எட்மண்ட் குண்டர்னு ஒரு ஆங்கிலேயர் ஏற்படுத்தின அளவு அது, 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுரடி. 264ங்கறது 4 சங்கிலி, 660ங்கறது 10 சங்கிலி, பெருக்கினா 40, ஆக நாலு ஏக்கர். பட்டாவுல அது 1.62 ஹெக்டேர், சர்வே வரைபடமான புலப்படத்துல மீட்டர்ல இருக்கும். சுத்து என்னன்னு பாத்தா 264ம் 660ம் கூட்டி ரெண்டு மடங்கு, 1,848 அடி. ஆறாங்கிளாஸ் கணக்கு தான். ஆனா அன்னைக்கு கட்டில்ல உக்காந்திருந்த யாருக்கும் அந்த 1,848 தெரியாது, எனக்கும் அந்தப் புலப்படத்தோட ஜெராக்ஸ் பின்னாடி எழுதிப் பாத்தப்ப தான் தெரிஞ்சுது.

கிளுவை வேலி இருக்கற ஊர்ல

எங்க காடு கொறங்காடு, அது தெரியாதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. எங்க காங்கேயம், தாராபுரம் சுத்துல மழையை மட்டும் நம்பி இருக்கற மேய்ச்சல் காட்டுக்கு அந்தப் பேரு. கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க வெள்வேல மரம், நாலு பக்கமும் கிளுவைங்கற முள்ளுச்செடி வேலி, இது மூணும் சேந்தாத்தான் கொறங்காடு. காங்கேயம் மாடும் செம்மறியும் அதுக்குள்ள விட்டுட்டா ஆளே வேண்டாம், காலையில விட்டு சாயங்காலம் ஓட்டிட்டு வந்தாப் போதும். அந்த நிம்மதியைக் குடுக்கறது வேலி தான். கம்பி வேலி மாதிரி கடையில வாங்கிட்டு வந்து ஒரே வாரத்துல அடிக்கற சமாச்சாரம் இல்ல, மழை நாள்ல குச்சி வெட்டி நெருக்கமா ஊனி, அது தழைஞ்சு ஒண்ணோட ஒண்ணு பின்னி, ஆடு நுழையாத அளவுக்கு அடைப்பா ஆக வருஷக்கணக்காகும். எங்க காட்டு வேலி அப்பாரு காலத்துலயே இருக்கு, அவரு சின்ன வயசுல தண்ணி ஊத்தி வளத்தினதா எங்க ஆத்தா, அதாவது பாட்டி, சொல்லும்.

அதனால எங்க ஊர்ல சுத்துங்கறது வெறும் கணக்கு இல்ல, அது ஒரு தலைமுறை உழைப்பு. 1,848 அடிக்கும் உசுரு வேலி. இதுல இன்னொண்ணும் இருக்கு, கிளுவை வேலி தடிமனா வளரும், நாலடி அகலம் சாதாரணமாப் பிடிச்சுக்கும். புதுசா நெலத்துக்கு நடுவுல 660 அடி நீளத்துக்கு நாலடி அகலத்துல ஒரு வேலி வந்தா அதுவே 2,640 சதுரடி, ஆறு சென்ட். ரெண்டு பேரும் ஆளுக்கு மூணு சென்ட்டை வேலிக்கே எழுதி வெச்ச மாதிரி. சென்ட்டுக்காகக் கோர்ட்டு வரைக்கும் போறவங்க நெறைய பேர் இருக்கற ஊர் இது, ஆனா வேலிக்குப் போற சென்ட்டை யாரும் எண்ணி நான் பாத்ததில்ல.

குறுக்கேயா, நெடுக்கேயா

ரெண்டு ஏக்கரா வெட்டறதுக்கு ரெண்டே வழி. நடுவுல குறுக்கே ஒரு கோடு போட்டா ரோட்டுப் பக்கம் ஒண்ணு, உள் பக்கம் ஒண்ணு, ரெண்டுமே 264க்கு 330. இல்ல நெடுக்கே கோடு போட்டா ரெண்டு நீளத் துண்டு, ஒவ்வொண்ணும் 132க்கு 660. பரப்பு ரெண்டு விதத்துலயும் அதே ரெண்டு ஏக்கர், ஒரு சதுரடி கூடக் கொறையாது. ஆனா குறுக்கே வெட்டினா ஒருத்தர் பங்கோட சுத்து 1,188 அடி, நெடுக்கே வெட்டினா 1,584 அடி. ஒரே ரெண்டு ஏக்கருக்கு 396 அடி வித்தியாசம்.

இதை எழுதிக் காட்டினப்ப அப்பா நம்பல. "ரெண்டும் ரெண்டு ஏக்கர் தானே, அப்புறம் எப்படி சுத்து மாறும்"னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. படிக்காதவர் இல்ல, பஞ்சாயத்துல கணக்கு பாத்தவரு. எனக்கு அது தப்பாவே படல, ஏன்னா இது மனுஷன் மூளைக்கு ரொம்ப காலமாவே ஒட்டாத விஷயம். கி.மு. 2ம் நூற்றாண்டுல பாலிபியஸ்னு ஒரு கிரேக்க வரலாற்றாசிரியர் இதையே பொலம்பி வெச்சிருக்காரு. மெகாலோபொலிஸ்ங்கற ஊரோட சுத்து 50 ஸ்டேடியம் (அது அந்தக் காலத்து கிரேக்க தூர அளவு), ஸ்பார்ட்டாவோட சுத்து 48 தான், ஆனா ஸ்பார்ட்டா அதை விட ரெண்டு மடங்கு பெருசுன்னு சொன்னா ஜனங்க நம்பவே மாட்டேங்கறாங்கன்னு. அப்பல்லாம் ஒரு ஊரு எவ்ளோ பெருசுன்னு அதைச் சுத்தி வர்ற தூரத்தை வெச்சுச் சொல்ற பழக்கம், அதனால சுத்தை வெச்சுப் பரப்பைத் தப்பா எடை போட்டாங்க. நாம அதுக்கு நேர் தலைகீழ். பரப்பை மட்டுமே தெரிஞ்சு வெச்சுகிட்டு சுத்தைத் தப்பா எடை போடறோம்.

பத்திரத்தை எடுத்துப் பாருங்க, சொத்து விவரத்துல என்ன எழுதியிருக்கும்? வடபுறம் கிழமேலடி இத்தனை, தென்புறம் கிழமேலடி இத்தனை, கீழ்புறம் தென்வடலடி இத்தனை, மேல்புறம் தென்வடலடி இத்தனை, ஆக இத்தனை சதுரடி. நாலு பக்கமும் தனித்தனியா எழுதியிருக்கு, ஆனா நம்ம கண்ணு நேரா அந்த "ஆக"வுக்குப் போயிடுது. எழுதற பத்திர எழுத்தரும் பெருக்கித்தான் போடறாரு, அந்த நாலையும் ஒரு தடவை கூட்டி ஓரத்துல எழுதி வெச்சா என்ன கொறஞ்சு போகும்? மெட்ராஸ்ல ஒரு கிரவுண்டுன்னா 2,400 சதுரடி. 40க்கு 60ன்னா சுத்து 200 அடி. 30க்கு 80ன்னா 220. 20க்கு 120ன்னு ஒரு சந்து மனை வாங்கினா 280 அடி காம்பவுண்டு கட்டோணும். விலையை மட்டும் கேட்டா மூணும் ஒரே ஒரு கிரவுண்டு தான்.

396 அடி எங்க இருந்து வந்துச்சுன்னு அப்பாவுக்குப் புரிய வெச்சது இப்படித்தான். மொத்தக் காட்டுக்கு 1,848 அடி வேலி ஏற்கனவே இருக்கு, அது எங்கயும் போகல. புதுசா வர்றது வெட்டற கோடு மட்டும். அந்தக் கோடு ரெண்டு பேர் கணக்குலயும் வரும், எனக்கும் ஓரம், உங்களுக்கும் ஓரம். குறுக்குக் கோடு 264, ரெண்டு தடவை எண்ணினா 528, அதை 1,848ஓட கூட்டி ரெண்டாப் பங்கு போட்டா 1,188. நெடுக்குக் கோடு 660, ரெண்டு தடவை 1,320, கூட்டிப் பங்கு போட்டா 1,584. இதைச் சொன்னதும் அப்பா பட்டுனு பிடிச்சுகிட்டாரு, "அப்ப எந்தப் பக்கம் வெட்டறமோ அந்தக் கோட்டு நீளத்தைப் பாத்தாப் போதும்"னாரு. அதே தான். எனக்கு இந்தக் கணக்குல ரொம்பப் பிடிச்ச எடமே இதுதான். எதை எப்படி வெட்டினாலும் பரப்பு கூடறதும் இல்ல கொறையறதும் இல்ல, சுத்து மட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் கூடிட்டே தான் போகும், அதுவும் வெட்டுக்கோட்டு நீளத்தைப் போல ரெண்டு மடங்கு கூடும்.

அன்னைக்கு சாயங்காலம் நடந்து பாத்தது

அப்ப குறுக்கே வெட்டிடலாம், வேலி கம்மி, தீந்துச்சுன்னு நான் சொல்ல வாயெடுத்தேன். அங்க வேலி அடைக்கறவரு ஒருத்தர் வந்திருந்தாரு, எங்க ஊர்ல பாதி காட்டுக்கு கல்லுக்கால் நட்டு கம்பி கட்டினவரு, அப்பா வெலை கேக்கறதுக்காக வரச்சொல்லியிருந்தாரு. அதுவரைக்கும் வேப்ப மரத்தடியில குத்த வெச்சு உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டே இருந்தவரு என்னைப் பாத்து, "அம்மிணி, உள்காட்டுக்காரரு காட்டுக்கு எப்படிப் போவாரு?"ன்னாரு.

ஆமா, தடம். குறுக்கே வெட்டினா உள்ள இருக்கற பங்குக்கு ரோடே இல்ல. முன்பங்குல ஒரு ஓரமா தடம் விடோணும், மாட்டு வண்டி போன காலத்துல எட்டடி போதும், இப்ப டிராக்டர், லோடு வண்டி எல்லாம் போகணும்னா பன்னெண்டு அடியாவது வேணும். பன்னெண்டு அடி அகலம், 330 அடி நீளம், 3,960 சதுரடி, ஒம்பது சென்ட் தடத்துக்கே போச்சு. அதை யார் விட்டுக் குடுக்கறதுங்கறது தனிப் பேச்சு, ஆனா அது கூடப் பரவால்ல, சென்ட் கணக்குங்கறதால எல்லாருக்கும் உடனே வெளங்கிடுச்சு. வெளங்காதது வேலி. முன்காட்டுல மாடு மேயுது, தடத்துல வேலி இல்லைன்னா அது நேரா ரோட்டுக்கு வந்துடும், இல்ல உள்காட்டுக்குப் போயிடும். அதனால தடத்தோரமும் 330 அடிக்கு அடைக்கோணும். தடம் போக நடுக்கோடு 252, தடத்தோரம் 330, கூட்டினா 582. நெடுக்கே வெட்டினா 660. மிச்சம் ஆகறது 264க்கும் 660க்கும் உள்ள 396 இல்ல, வெறும் 78 அடி.

இந்த எடத்துல வேலிக்காரரு எந்திரிச்சு "வாங்க, ஒரு எட்டு நடந்து பாத்துருவோம்"னு கூப்பிட்டாரு. எனக்கு அந்த நடை மறக்கவே மறக்காது. உள்பங்குக்காரரோட காட்டை மட்டும் ஓரமாவே சுத்தி வர்றதா வெச்சுக்குவோம்னாரு. ரோட்டுல தடத்து வாயில்ல ஆரம்பிச்சோம். தடத்தோட வெளி ஓரமாப் போனோம், அது பழைய கிளுவை வேலி, அப்படியே கடைசி வரைக்கும் 660 அடி. கடைசி மூலையில திரும்பி வடக்கு வேலியோரமா 264 அடி. அடுத்த மூலையில திரும்பி ரோட்டைப் பாத்து 330 அடி வந்து, நடுக்கோடு வர வேண்டிய எடத்துல நின்னாரு. அங்க இருந்து புல்லுக்குள்ள காலாலயே கோடு இழுத்துகிட்டு மறுபடி மேற்கே 252 அடி. தடத்துக்கு வந்து சேந்தோம். அப்புறம் தடத்தோட உள் ஓரமா 330 அடி எறங்கி ரோட்டுக்கு வந்து, பன்னெண்டு அடி குறுக்கே எட்டு வெச்சு ஆரம்பிச்ச எடத்துக்கே வந்தோம். "எத்தனை ஆச்சு அம்மிணி?" நான் ஃபோன்ல கூட்டினேன். 1,848.

மறுபடியும் கூட்டினேன். 660, 264, 330, 252, 330, 12. அதே 1,848. நாலு ஏக்கர் மொத்தக் காட்டுக்கும் என்ன சுத்தோ, அதே சுத்து தான் ரெண்டு ஏக்கர் சொச்சம் இருக்கற உள்பங்குக்கும். யோசிச்சுப் பாத்தா அப்படித்தான் வரணும், ஒரு செவ்வகத்துல மூலையில ஒரு சின்னச் செவ்வகத்தை வெட்டி எடுத்துட்டா, வெட்டின பக்கம் ரெண்டும் போன பக்கம் ரெண்டுக்கும் சரியா ஈடு ஆயிடும், சுத்து மாறவே மாறாது, பரப்பு மட்டும் கொறயும். காகிதத்துல நான் இதை எப்பவோ பாத்திருப்பேன், கணக்குப் புஸ்தகத்துல எல் வடிவப் படம் போட்டு ஒரு கேள்வி இருக்கும். ஆனா பாதிக் காட்டுக்காரரு முழுக் காட்டோட ஓரத்தையும் காவல் காக்கோணும்ங்கறது அன்னைக்கு முள்ளு குத்தக் குத்த நடந்தப்ப தான் ஏறுச்சு. பெரியப்பாவும் கம்பு ஊனிகிட்டு பின்னாடியே வந்தாரு. உள்பங்கு தனக்கே வந்தாலும் பரவால்லைன்னு பெரிய மனசோட சொல்லிட்டு இருந்தவரு, அந்த நடைக்கு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல, அதுல எந்தத் தப்பும் இல்ல. தம்பிக்கு நல்லது கெட்டது பாக்கறதும், தனக்கு வர்ற பங்கோட சொமை என்னன்னு தெரிஞ்சுக்கறதும் ரெண்டும் ஒண்ணா இருக்க முடியும்.

அப்புறம் வேலிக்காரரு வேலிக்கால் கணக்கு சொன்னாரு, அதையும் இங்க எழுதணும், ஏன்னா இதுல நெறைய பேரு எஸ்டிமேட்டுல தடுமாறுவாங்க. நடுக்கோடுங்கறது ஒரு பக்கம் ஆரம்பிச்சு இன்னொரு பக்கம் முடியற நேர்க்கோடு, 660 அடிக்கு பத்தடிக்கு ஒரு கால்னா 66 இடைவெளி, ஆனா 67 கால், ஆரம்பத்துக்கு ஒண்ணு கூடுதல். அதே ஒரு மனையைச் சுத்தி நாலு பக்கமும் அடைச்சா அந்தக் கூடுதல் ஒண்ணு வராது, 40க்கு 60 மனைக்கு சுத்து 200, பத்தடிக்கு ஒண்ணுன்னா 20 கால் தான், ஏன்னா கடைசி இடைவெளி முதல் கால்லயே வந்து முடியும். பக்கம் பக்கமா எண்ணினா அஞ்சு, ஏழு, அஞ்சு, ஏழுன்னு 24 வரும், நாலு மூலைக்காலையும் ரெண்டு ரெண்டு தடவை எண்ணியிருப்பீங்க. மூலைக்காலுக்குத்தான் இழுவை ஜாஸ்தி, அதுக்கு ரெண்டு பக்கமும் முட்டுக்கால் குடுக்கோணும், அதனால மூலை எத்தனைங்கறதும் செலவு தான். எல் வடிவத்துல நாலுக்குப் பதிலா ஆறு மூலை. கம்பி அஞ்சு வரிசை ஓட்டினா 660க்கு 3,300 அடி, ஒரு கிலோமீட்டர் கம்பி, ஒரே ஒரு நடுவேலிக்கு.

வீட்டுக்குள்ளயும் இதே தான்

இந்த நடைக்கு அப்புறம் எதைப் பாத்தாலும் எனக்கு வெட்டுக்கோடு தான் தெரியுது. திருப்பூர்ல நாங்க குடியிருக்கற வீட்டுல மாடியில ஒரு நீள ஹால், பத்துக்கு இருபத்திநாலு. ஹவுஸ் ஓனர் அதை நடுவுல செவுரு வெச்சு ரெண்டு ரூமா ஆக்கினாரு, தரை ஏற்கனவே போட்டாச்சு, டைல்ஸ் செலவு இல்லைன்னு நெனச்சாரு. தரைக்கு இல்ல தான், ஆனா செவுத்தோரம் ஒட்டற ஸ்கர்ட்டிங் 68 அடியா இருந்தது 88 ஆச்சு, பத்தடி செவுரு ஒண்ணு, ஆனா ரெண்டு முகம். வாசக்காலுக்குக் கழிச்சுட்டாலும் கூடத்தான். பெயிண்டுக்கும் அப்படியே. ஜன்னலுக்கு கொசு வலை ஒட்டறப்ப பாருங்க, நாலுக்கு நாலு ஜன்னலுக்கு ஒரே வலையா வெச்சா வெல்க்ரோ 16 அடி, கதவுக்கு ஒண்ணா ரெண்டா பிரிச்சா 24 அடி. வலை அதே அளவு தான், பிசிறு ஓரம் தான் கூடுது. கொசு வர்றதும் ஓரத்துல தானே.

குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் குடுக்கற விதத்துல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. புஸ்தகத்துல எப்பவும் ஒரு விவசாயி இருப்பாரு, அவருக்கு செவ்வக நெலம் இருக்கும், நாலு பக்கமும் வேலி போடணும், மீட்டருக்கு இத்தனை ரூபா, மொத்தம் எவ்வளவு. அந்த விவசாயிக்கு பக்கத்துக் காட்டுக்காரர் கெடையாது, கடவு கெடையாது, தடம் கெடையாது, தம்பி கெடையாது. எந்த ஊர்ல நாலு பக்கமும் ஒருத்தரே வேலி போடறாரு? எங்க காட்டுக்கே வடக்காலயும் மேக்காலயும் இருக்கற வேலி அந்தப் பக்கத்துக்காரங்களுக்கும் வேலி தான். நான் வாத்தியாரா இருந்தா கேள்வியை இப்படிக் கேப்பேன்: ரெண்டு பக்கம் வேலி ஏற்கனவே இருக்கு, ரோட்டுப் பக்கம் பன்னெண்டு அடி வாசல் வேணும், நெலத்தை அக்காவும் தம்பியும் பிரிச்சுக்கறாங்க, ரெண்டு விதமாப் பிரிக்கலாம், எது செலவு கம்மி, எது நியாயம்? இதுல பெருக்கலும் இருக்கு கூட்டலும் இருக்கு, கூடவே வீட்டுல போய் அப்பாகிட்ட பேச ஒரு விஷயமும் இருக்கு.

கடைசியில எங்க காடு நெடுக்கே தான் பிரிஞ்சுது. 78 அடி மிச்சத்துக்காக ஒருத்தரை ரோடு இல்லாத பங்குல உக்கார வெக்கறது சரியில்ல, ரோட்டு மேல இருக்கற 132 அடிக்கு நாளைக்கு இருக்கப்போற மதிப்பே வேற. நீளத் துண்டுல ஒரு நல்லதும் இருக்கு, உழறப்ப டிராக்டர் நேராப் போயிட்டே இருக்கலாம், திருப்பறது கம்மி. வேலியை கோட்டு மேலயே போடறது, யார் பங்குக்குள்ளயும் தள்ளக் கூடாது, செலவு ஆளுக்குப் பாதி, கிளுவை வேண்டாம் கல்லுக்காலும் கம்பியும் போதும்னு முடிவாச்சு. கிளுவை வேண்டாம்னதுல ஆத்தா இருந்திருந்தா வருத்தப்பட்டிருக்கும், எனக்கும் வருத்தம் தான், ஆனா ஆறு சென்ட்டையும் பாக்கோணும், புதுசா குச்சி ஊனி காவல் காக்க எங்க யாருக்கும் காலம் இல்லைங்கறதையும் பாக்கோணும்.

இப்ப பேச்சு அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கு, அப்பாவோட ரெண்டு ஏக்கர் எனக்கும் தம்பிக்கும். பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் பங்குன்னு 1989லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு, 2005ல நாடு முழுக்க வந்தாச்சு, எங்க வீட்டுல அதுல யாருக்கும் மாற்றுக்கருத்து இல்ல. 132க்கு 660ஐ மறுபடி நெடுக்கே வெட்டினா ஆளுக்கு 66க்கு 660, சரியா ஒரு ஏக்கர், சுத்து 1,452 அடி. அதே ஒரு ஏக்கர் சதுரமா இருந்தா கிட்டத்தட்ட 209 அடி பக்கம், சுத்து கிட்டத்தட்ட 835 தான். குறுக்கே வெட்டினா மறுபடி தடம், மறுபடி எல் வடிவம், உள்பங்குக்காரருக்கு மறுபடி முழு 1,584. ரெண்டையும் தம்பிகிட்ட எழுதிக் காட்டிட்டு நான் சொன்னது, நெடுக்கேவே பிரிச்சுக்கலாம் ஆனா நடுவுல வேலியே வேண்டாம்டா, மாடு ஆடு ஒண்ணாவே மேயட்டும், மேய்ச்சலுக்கு அகலமான காடு தான் நல்லது, சர்வேயரை வெச்சு அளந்து உட்பிரிவு பண்ணி ரெண்டு முனையிலயும் எல்லைக்கல்லு மட்டும் நட்டுக்கலாம்னு. "நாளைக்கு யாராவது ஒருத்தர் விக்கோணும்னா என்னக்கா பண்றது"ன்னு கேட்டான். அது நியாயமான கேள்வி தான். விக்கறவரு அந்த 660 அடிக்கும் தன் செலவுலயே வேலி போட்டுக் குடுத்துட்டு விக்கோணும்னு பத்திரத்துலயே ஒரு வரி எழுதிக்கலாம்னேன். அவனுக்கு அது சரின்னு பட்டுது. தை பொறந்ததும் அளவைக்கு மனு குடுக்கறதா இருக்கோம்.